மலைவீட்டுக்கு வரும் அப்பா அம்மா: நடக்க வைத்துக் காப்பதே பாதுகாப்பு

ஏற்காட்டில் பள்ளியிலோ வங்கியிலோ எஸ்டேட்டிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், அரையாண்டு விடுமுறையும் பொங்கலும் அடுத்தடுத்து வரும் மார்கழி, தை மாதங்களில், சேலத்தில் இருக்கும் அப்பாவையோ அம்மாவையோ சில வாரங்களுக்கு மேலே அழைத்துக்கொள்வது வழக்கம். முழங்கால் தேய்மானத்தாலோ, பக்கவாதத்துக்குப் பின்போ, பார்க்கின்சன் நோயாலோ அவர் கைத்தடியோ வாக்கரோ இல்லாமல் நடக்க முடியாதவராக இருந்தால், புறப்படும் முன் என்னைப் போன்ற இயன்முறை மருத்துவரிடம் வந்து, மலைக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் போகலாம் என்பதே என் பதில். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறு பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். இதயச் செயலிழப்போ கடுமையான நுரையீரல் நோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்கு மலையின் உயரத்தைவிட, பிள்ளை வீட்டுக் குளியலறை வாசற்படியின் உயரமே முக்கியம்.

பயணத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்து, அடிவாரத்திலேயே வாந்தி மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் இவ்வகை மாத்திரைகளில் பல, இளையவர்களுக்கு வெறும் தூக்கத்தைத் தந்தால், எழுபது வயதைக் கடந்தவர்களுக்குத் தள்ளாட்டத்தையும் மனக்குழப்பத்தையும், புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைப்பையும்கூட உண்டாக்கக்கூடும். அந்த மயக்கம் தெளியாத நிலையில்தான் அவர் காரிலிருந்து இறங்கிப் பழக்கமில்லாத படிகளில் கால் வைக்கிறார். முன் இருக்கையில் உட்கார வைத்து, அரை வயிற்றுச் சாப்பாட்டோடு, வண்டியை நிதானமாக ஓட்டினாலே பலருக்கு மாத்திரை தேவைப்படாது. தேவைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள். நடுவழியில் காட்சி பார்க்க நிறுத்தினால், கையில் தின்பண்டப் பையோடு அவரை இறக்கிவிடாதீர்கள். வாக்கர் பிடித்திருப்பவர் என்ற தாட்சண்யமெல்லாம் அங்குள்ள குரங்குகளுக்குக் கிடையாது.

மலைச்சரிவில் கட்டியதால், இங்குள்ள வீடுகளில் பல சாலைக்கு மேலேயோ கீழேயோ பத்துப் பதினைந்து படிகள் தள்ளித்தான் இருக்கும். உறைபனி விழும் ஊர்களில் வாசலில் உப்பைத் தூவிப் பனிக்கட்டியை உருக்குவார்கள். நமக்கு வழுக்குவது பாசி. சில்வர் ஓக் நிழலில் வெயிலே படாத கருங்கல் படிகளில் பாசி படிந்து, அதன்மேல் உதிர்ந்த இலைகள் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். பெற்றோர் வருவதற்குச் சில நாள் முன்பே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, படி விளிம்புகளில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட வேண்டும். மூடுபனியில் ஒரு படி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. கைப்பிடிக் குழாயை இருபுறமும் பொருத்துவது அவசியம். ஒரு கை மட்டுமே வேலை செய்யும் பக்கவாதக்காரருக்கு, ஏறும்போது உதவும் கைப்பிடி இறங்கும்போது செயலிழந்த கையின் பக்கம் போய்விடும் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலியுள்ள கால் முதலில், கைத்தடி எப்போதும் வலியுள்ள காலுக்கு எதிர்க் கையில். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவதாக இருந்தால், ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். இடமில்லையென்று பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைப்பதைவிட, பலமான இருவர் நாற்காலியோடு தூக்கி வருவது மேல்.

ஆனால் நான் பார்த்தவரை, இந்தப் படிகளில் விழுபவர்கள் குறைவு. அங்கே வீடே கூடி நின்று கவனிக்கிறது. விழுவது இரவில், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில். குளிரில் சிறுநீர் அதிகம் பிரியும். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் சொல்லவே வேண்டாம். சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து மலையிலுள்ள மகள் வீட்டுக்குச் சென்ற ஓர் அம்மாவுக்குக் கால் சில்லிடக் கூடாதென்று மகள் தடித்த கம்பளிச் சாக்ஸ் வாங்கித் தந்திருந்தார். சாக்ஸ் போட்ட காலில் ஹவாய் செருப்பின் வார் நுழையாது. ஆகவே வெறும் சாக்ஸோடு, வழுவழுப்பான ரெட் ஆக்சைடு தரையில், தோளிலிருந்து நழுவிய சால்வையின் முனை வாக்கர் காலடியில் சிக்க, அவர் திரும்பிய இடத்திலேயே சரிந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். குரங்குக் குல்லா காதை மூடியிருந்ததால், பக்கத்து அறையிலிருந்து மகள் குரல் கொடுத்ததும் அவருக்குக் கேட்கவில்லை. குளிருக்காக அன்போடு வாங்கிய மூன்று பொருள்களும் சேர்ந்து செய்த வேலை அது. சால்வைக்குப் பதில் முன்பக்கம் பொத்தான் வைத்த ஸ்வெட்டரும், குதிகாலைப் பற்றிக்கொள்ளும் ரப்பர் அடிக் காலணியும் போதுமானவை.

படுக்கையிலிருந்து கழிப்பறைவரை விடிய விடிய எரியும் சிறு விளக்கும், மின்சாரம் போனால் கைக்கெட்டும் டார்ச்சும் இருக்கட்டும். எழுந்ததும் நடக்காமல், கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து தலைசுற்றல் இல்லையென்று தெரிந்தபின் நிற்க வேண்டும். கழிப்பறையில் துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுபவர்களே அதிகம். அது ஆளின் எடையைத் தாங்காது, சுவரில் ஆழமாகத் திருகிய கைப்பிடியே தாங்கும். வாசற்படி நான்கு அங்குலம் இறங்கும் பழைய குளியலறையென்றால், அந்தச் சில வாரங்களுக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலியை வாடகைக்கு எடுத்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குளிரில் மூட்டுகள் காலையில் இறுகியிருக்கும். வெயில் ஏறும்வரை குளியலைத் தள்ளிப்போடலாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்கு வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. தோல் வெந்ததும் அவருக்குத் தெரியாது. தாகம் எடுக்காவிட்டாலும் பகலில் வெதுவெதுப்பான நீர் கொடுத்துவர வேண்டும்.

இவ்வளவு ஏற்பாடும் அவர் நடப்பதற்காகத்தான். இதைப் பல பிள்ளைகள் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "நீங்க உக்காருங்கம்மா, எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று காபியையும் மாத்திரையையும் கட்டிலுக்கே கொண்டுவந்து, கம்பளிக்குள் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். "எனக்கு எதுக்கு கண்ணு இவ்வளவு சிரமம்" என்று அவரும் படுத்துவிடுகிறார். வயதானவர்கள் பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே தொடைத் தசையும் அதன் வலுவும் குறைவது அளந்து நிறுவப்பட்டது. மலைக்கு வாக்கரோடு வந்தவர் மாசியில் சக்கர நாற்காலியில் இறங்குவது விழுந்ததால் மட்டும் நேர்வதில்லை. கைவைத்த உயரமான நாற்காலியிலிருந்து ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்பும் சில முறை எழுந்து உட்காரச் செய்யுங்கள். காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். நடக்கும்போது கையைப் பிடித்து இழுக்காமல், பலவீனமான பக்கம் சற்றுப் பின்னால் நின்று, இடுப்பருகே கை வைத்துக்கொண்டால் போதும்.

அதையும் மீறி விழுந்துவிட்டால், உடனே தூக்கி நிறுத்தாதீர்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ கடும் வலியும், ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதும் இடுப்பு எலும்பு முறிவின் அறிகுறிகள். நீவிவிடுவதோ எண்ணெய் தடவி இழுப்பதோ கூடாது. போர்வையால் மூடி, அசைக்காமல் வைத்து, 108ஐ அழையுங்கள். வீட்டின் அடையாளத்தையும், சாலையிலிருந்து எத்தனை படிகள், எந்தப் பக்கமாக ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரலாம் என்பதையும் முன்பே ஒரு தாளில் எழுதித் தொலைபேசிக்கு அருகில் ஒட்டி வைத்தால், அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் யாராக இருந்தாலும் பார்த்துச் சொல்ல முடியும்.