வளைத்தால் வெளுக்கும் பிளாஸ்டிக்: பில்லரின் பிடியை அளப்பது எப்படி?

பெங்களூரு பீன்யா பக்கத்து மோல்டிங் பட்டறைகளில் பாலிபுரொப்பிலின் தானாவோடு (பிளாஸ்டிக் குருணையோடு) கால்சியம் கார்பனேட் தூளைப் பில்லராக, அதாவது நிரப்பியாகக் கலப்பது அன்றாட வேலை. அப்படி வார்த்த துண்டை மெல்ல வளைத்துப் பாருங்கள், வளைவில் வெள்ளைக் கோடு விழும். துகளை விட்டுப் பிளாஸ்டிக் விலகும்போது நுண்ணிய வெற்றிடங்கள் திறந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. பிடி விட்டது தெரிகிறது; எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல எண் வேண்டும்.

பலர் விறைப்பை வைத்து முடிவுகட்டுகிறார்கள். அது ஏமாற்றும். ஆறும் பிளாஸ்டிக் துகளைவிட அதிகம் சுருங்கி அதை இறுக்கிக்கொள்வதால், ஒட்டாத துகளும் சிறு இழுப்பில் விறைப்பைக் கூட்டிக் காட்டும். குட்டு உடைவது ஈல்டில்தான், அதாவது துண்டு மீளாமல் நீளத் தொடங்கும் இடத்தில்.

ஹங்கேரியின் பேலா புகான்ஸ்கி தந்த வழி இது. பில்லரின் கனஅளவுப் பங்கு 'க' என்றால், துகள் சுமையே தாங்காதபோது ஈல்டு வலிமை (1 − க) ÷ (1 + 2.5க) மடங்காகக் குறையும். அளந்த வலிமையை இந்த எதிர்பார்ப்பால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 'க'வால் வகுத்தால் வருவது பிடியைக் காட்டும் 'பி' எண். எடை வீதத்தை அப்படியே போட்டுவிடாதீர்கள்: கார்பனேட்டின் அடர்த்தி 2.7, பாலிபுரொப்பிலினுடையது 0.9, எடையில் 40 சதவீதம், கனஅளவில் வெறும் 18.

வெறும் பிளாஸ்டிக் 32 மெகாபாஸ்கலில் ஈல்டாகிறது என்று கொள்வோம். 18 சதவீதத்தில் எதிர்பார்ப்பு 18.1. இயந்திரம் 24 காட்டினால் 'பி' சுமார் 1.6. ஒரே கலவையை நம்பாமல் 5, 10, 15, 20 சதவீதத்தில் வார்த்து, மடக்கையை 'க'வுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வே 'பி'. பில்லர் கூடக்கூடக் கோடு கீழே மடங்கினால், பெரும்பாலும் தூள் கட்டிகட்டியிருக்கிறது. ஒட்டும் ரசாயனத்தைப் பழிக்காமல் கலக்கும் இயந்திரத்தின் ஸ்குரூவையும் கலக்கும் நேரத்தையும் பாருங்கள்.

பில்லர் அளவைச் சரிபார்க்கப் பிளாஸ்டிக்கை எரித்து மிச்சத்தை எடைபோடும்போது உலையை 550 டிகிரி அளவில் நிறுத்துங்கள். 900 டிகிரிக்குப் போனால் கார்பனேட் கரியமில வாயுவை விட்டு 44 சதவீத எடையை இழக்கும். 40 இருக்க வேண்டிய இடத்தில் 22 நிற்கும். சோதனை அறை 23 டிகிரியில் இருக்கட்டும். பெங்களூரு குளுகுளு ஊர்தானே என்று ஏப்ரல் மதியத்தில் ஏசியை அணைத்தால், சூட்டில் இளகிய பிளாஸ்டிக் ஈல்டு வலிமையை இறக்கிவிடும்.

துகள் பொடியாக ஆக மேற்பரப்பு பெருகி 'பி'யும் ஏறும். எனவே ஒரே அளவுத் தூள், ஒரே தானா என்றால் மட்டும் ஒப்பிடுங்கள். ஸ்டியரிக் அமிலம் பூசிய தூள் நன்றாகப் பரவும், ஆனால் பிடி தளரும், 'பி' இறங்கும். அது குறை என்று தள்ளிவிட வேண்டாம்: பிடி விட்ட துகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் இழுபடுவதால் அடியின் வேகம் உள்வாங்கப்படும். வாளிக்கு அது நல்லது. சுமை தாங்கும் கிளாம்புக்கு மலேயிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலினைச் சேர்த்துப் பிடியைக் கூட்டுவதே சரி.