கருக்கலைப்புக்குக் கணவர் கையெழுத்து தேவையா?

"வீட்டுக்காரரை வரச் சொல்லுங்கள், அவர் கையெழுத்துப் போட வேண்டும்." கருக்கலைப்புக்காகப் போகும் பெண்கள் பலர் இதைக் கேட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சட்டத்தில் இதற்கு இடமே இல்லை.

1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். சம்மதத்தைப் பதிவு செய்யும் 'சி' படிவத்தை வாங்கிப் பாருங்கள். பெயர், வயது, முகவரி, இன்னாருடைய மகள் அல்லது மனைவி என்றொரு வரி, கீழே அவளுடைய கையெழுத்து. வயது நிறையாதவர், மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றால் மட்டுமே காப்பாளர் கையெழுத்து. கணவர் கையெழுத்துக்கென்று ஒரு கோடுகூட அதில் கிடையாது.

கர்ப்பம் 20 வாரத்துக்குள் இருந்தால் தகுதி பெற்ற ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். கருத்தடை பலிக்காமல் போனதையும் காரணமாகச் சொல்லலாம். 2021 திருத்தத்துக்குப் பிறகு அதற்குத் திருமணமாகியிருக்க வேண்டியதில்லை. 20 முதல் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் சம்மதிக்க வேண்டும். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்கள், சிறுமிகள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது மணவிலக்குப் பெற்றவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கே இந்த வாய்ப்பு. மணமாகாத பெண்களையும் இதிலிருந்து ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கணவனின் கட்டாய உறவால் உண்டான கருவும் இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்கொடுமையால் உண்டானதே என்றும் அது சொன்னது. 24 வாரம் தாண்டினால், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதி செய்ய வேண்டும். தாயின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டியதென்றால் வாரக் கணக்கே பார்ப்பதில்லை.

என் உடல் குறித்த முடிவு என்னுடையது, அதில் தலையிட அரசுதான் காரணம் சொல்ல வேண்டும் என்பது தாராளவாத அரசியல் சிந்தனையின் அடிப்படை. பிள்ளை பெறுவதா வேண்டாமா என்ற முடிவு அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் அந்த இடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை. நாட்டின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அதன்படி குற்றவாளிதான். 1971 சட்டம் அதிலிருந்து மருத்துவருக்குத் தரப்பட்ட விலக்கு. "எனக்கு வேண்டாம்" என்று பெண் சொல்வது அதில் தனியொரு காரணமாக நிற்காது. அவளுடைய உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ கேடு என்றோ, பிறக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடு இருக்கும் என்றோ மருத்துவர் எழுதித் தர வேண்டும். இது அனுமதி, உரிமை அல்ல. முதல் சில வாரங்களிலாவது பெண்ணின் விருப்பமே போதும் என்று சட்டம் மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2023 அக்டோபரில், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண், மனச்சோர்வுக்கு மருந்து உட்கொண்டு வந்தவர், 26 வாரக் கருவைக் கலைக்க அனுமதி கேட்டபோது உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த மறுப்பும் இந்தச் சட்டத்தின் வரம்பைக் காட்டித்தான் சொல்லப்பட்டது.

கருக்கலைப்புச் செய்துகொண்டவரின் விவரத்தை மருத்துவர் சட்டப்படி உரியவருக்கன்றி வேறு யாரிடமும் சொல்லக் கூடாது. மீறினால் ஓராண்டு வரை சிறை. மருத்துவமனை மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். வாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் தாமதிக்கக் கூடாது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.