வேறு மருத்துவமனைக்குப் போகும்போது பயாப்ஸி திசு பதித்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள்

பயாப்ஸியில் நியூரோஎண்டோகிரைன் கட்டி, அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகும் கட்டி என்று வந்தால், "நடிகர் இர்ஃபான் கானுக்கு வந்ததுதானே டாக்டர்?" என்று கேட்பவர்கள் நிறைய. 2018-இல் அவர் வெளிப்படையாகச் சொன்ன பிறகுதான் பலருக்கு இந்தப் பெயரே தெரியும். ஆனால் ஒருவருக்கு வந்த கட்டியை வைத்து இன்னொருவரின் நிலையைச் சொல்லவே முடியாது. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உட்கருவில் உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளிகள். ஒன்று பல வருடம் பெரிதாக வளராமல் இருக்கும், மற்றொன்று கல்லீரலுக்குப் பரவியிருக்கும்.

கட்டி எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்பதை கிஐ-67 சொல்லும்; பெருகிக்கொண்டிருக்கும் செல்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. 3 சதவீதத்துக்குக் கீழ் என்றால் முதல் கிரேடு, 20 வரை இரண்டாவது. சரி, எந்த மருந்து கேட்கும்? அதற்கு எந்த ஜீன் விழித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா செல்லிலும் எல்லா ஜீனும் உண்டு. இயங்குகிற ஜீனிலிருந்துதான் ஆர்என்ஏ வரும், அப்புறம் புரதம். அந்த ஆர்என்ஏவை அளப்பதே ஜீன் எக்ஸ்பிரஷன் ஆராய்ச்சி.

இதில் நோயாளிக்கு நேரடியாகக் கை கொடுப்பது எஸ்எஸ்டிஆர்2. சொமட்டோஸ்டேட்டின் ஹார்மோன் வந்து ஒட்டும் ஏற்பியை (ரிசெப்டர் என்ற புரதத்தை) உண்டாக்கும் ஜீன் இது. நன்றாக இயங்கினால், அந்தப் புரதத்துக்கான சாயமிட்ட ஸ்லைடில் ஒவ்வொரு செல்லின் விளிம்பும் அழுத்தமான பழுப்பாகத் தெரியும். அப்படித் தெரிபவர்களுக்கு, அந்த ஏற்பியில் போய் ஒட்டும் கதிரியக்கப் பொருளை வைத்து எடுக்கும் கேலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிய வாய்ப்பு அதிகம். அதே ஏற்பி வழியாக லுட்டீசியம்-177 கதிரியக்க மருந்தையும் உள்ளே அனுப்பலாம். சிறுகுடல் கட்டிகளில் இது நோய் வளர்வதை நன்றாகத் தள்ளிப்போடுகிறது என்று 2017-இல் நெட்டர்-1 ஆய்வு காட்டியது. கிரேடு ஏற ஏற இந்த ஜீன் அடங்கிப்போவதும் உண்டு. அப்போது வழி வேறு.

ரத்தத்தில் 51 ஜீன்களின் ஆர்என்ஏவை அளக்கும் நெட்டெஸ்ட் என்ற பரிசோதனையும் வந்திருக்கிறது. இங்கே இன்னும் அதிகம் பார்ப்பது, இந்தக் கட்டிகள் ரத்தத்தில் விடும் குரோமோகிரானின்-ஏ என்ற புரதத்தைத்தான். ஒமெப்ரசோல் போன்ற அசிடிட்டி மாத்திரை சாப்பிட்டாலே அது ஏறிவிடும். ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வருத்தம் தருவது, பெரிய மருத்துவமனைக்கு ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வருவதுதான். தாளில் சாயமிட முடியாது, ஆர்என்ஏ எடுக்கவும் முடியாது. திசு இருப்பது மெழுகில் பதித்த பிளாக்கில். ஸ்லைடுகளோடு அதையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். வழியில் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.