ஏழு வயது வாக்காளர்

அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் உறுப்பினர்கள் பலர் வாரத்துக்கு ஒரு முறை தம் தொகுதிக்கு மின்னஞ்சலில் மடல் அனுப்புவார்கள். எந்த மசோதாவை ஆதரித்தேன், எதை எதிர்த்தேன், குடிவரவு அலுவலகத்தில் சிக்கிக் கிடக்கும் விண்ணப்பத்துக்கு யாரை அழைக்க வேண்டும், வாக்குப்பதிவுக்கு முன் எதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும், வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் என்ன மாறப்போகிறது என்று அது சற்று நீளமாகவே போகும். நியூ ஜெர்சியில் நான் இருக்கும் பகுதியில், ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் பெரியவர்களுக்காக இதைத் தமிழாக்கி வாட்ஸ்அப் குழுக்களில் பகிரும் நல்ல மனத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் அண்மையில் வந்த ஒரு தமிழாக்கத்தில், 'நம் ஏழு வயது வாக்காளர் ஒருவர் ஆஸ்துமா மருந்துக்குக் காப்பீடு கிடைக்காமல் தவிக்கிறார்' என்ற வரியைப் படித்த பிறகு வாய் மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது 18. அதை நாடு முழுவதற்கும் உறுதிசெய்த 26-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1971-இல் வந்தது. ஏழு வயதில் வாக்களிக்கும் பேறு அந்தச் சிறுவனுக்கு எங்கிருந்து கிடைத்தது?

மூலத்தில் இருந்த சொல் கான்ஸ்டிட்யுவன்ட். லத்தீனில் 'ஒருங்கே நிறுவுதல்' என்று பொருள்படும் வினையிலிருந்து வந்தது. அரசியலமைப்பைக் குறிக்கும் கான்ஸ்டிட்யூஷனும் தொகுதியைக் குறிக்கும் கான்ஸ்டிட்யுவன்சியும் இதன் உடன்பிறப்புகள். நாம் அரசியல் நிர்ணய சபை என்கிறோமே, அதன் ஆங்கிலப் பெயரில் 'நிர்ணய' என்பதற்கு நேராக நிற்பதும் இதே சொல்தான். தன் சார்பில் காரியம் பார்க்க இன்னொருவரை நியமிப்பவர் என்பது பழைய சட்டப் பொருள். அந்த வழியில்தான் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்து அனுப்புபவரையும் இச்சொல் குறிக்கலாயிற்று.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேரை மட்டும் பார்த்தால் 'வாக்காளர்' என்று எழுதுபவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. 1774-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட எட்மண்ட் பர்க், தம்மை அனுப்பிய பிரிஸ்டல் நகரத்தாரிடம் பிரதிநிதியின் கடமை பற்றிப் பேசியபோது, அவரை அவைக்கு அனுப்பியவர்கள் வாக்குரிமை பெற்றிருந்த ஒரு பகுதி ஆண்கள் மட்டுமே. அன்று இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே கூட்டத்தைச் சுட்டின. ஆனால் சொல்லின் பொருளை வேர் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாற்றம் என்ற சொல்லை மணம் என்ற பழம்பொருளில் இன்று ஒரு கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இன்றைய அமெரிக்க வழக்கில் கான்ஸ்டிட்யுவன்ட் என்ற சொல் தொகுதிக்குள் வாழும் எல்லாரையும் குறிக்கிறது. பச்சைக் குழந்தையும், எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவரும், கிரீன் கார்டு வைத்திருப்பவரும், ஆவணமே இல்லாதவரும் அதில் அடக்கம். இது மரியாதைக்காகச் சொல்லும் பேச்சன்று. தொகுதிக் கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1868-இல் ஏற்கப்பட்ட 14-ஆம் திருத்தம், பிரதிநிதிகள் அவையின் இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள ஆட்களின் முழு எண்ணிக்கையைக் கொள்ள வேண்டும் என்கிறது. வாக்காளர் எண்ணிக்கை என்று சொல்லவில்லை. தொகுதிகளை வாக்களிக்கத் தகுதியுள்ளோரை மட்டும் எண்ணிச் சமமாக்க வேண்டும் என்று டெக்சஸ் மாநிலத்தில் எழுந்த வழக்கு, எவென்வெல் எதிர் ஆபட் என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2016-இல் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிரதிநிதிகள் வாக்களிக்கத் தகுதியுள்ளோருக்கு மட்டுமின்றித் தம் எல்லைக்குள் வாழும் அனைவருக்கும் பணி செய்பவர்கள் என்றும், வாக்கில்லாதவர்களுக்கும் பள்ளிக்கூடம் முதல் அரசு உதவிகள் வரை பலவற்றில் அக்கறை உண்டு என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. நம் வாட்ஸ்அப் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் அந்தத் தீர்ப்பைப் புரட்டிவிட்டார்.

சொல்தானே, என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். எங்கள் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கும் எழுபது வயது அம்மா ஒருவர், கிரீன் கார்டு வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. ஒரு நாள் மாலை நடைப்பயிற்சியில் என்னை நிறுத்தி, கைப்பேசியை நீட்டி, “தம்பி, 'அன்புள்ள வாக்காளரே'ன்னு எனக்கே போட்டு வந்திருக்கு. இங்கேயும் எனக்கு ஓட்டு வந்துட்டுதா? எங்கே போய்ப் பதியணும்?” என்று கேட்டார். அவருடைய விரல் 'வாக்காளரே' என்ற சொல்லின் மேலேயே இருந்தது. நான் பதறிப்போய் விளக்கினேன். குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நாடு கடத்தலுக்கும் அதுவே காரணமாகலாம். அந்த மடலின் கீழ்ப்பகுதியில், கிரீன் கார்டு பெற்றவர்களில் பெரும்பாலோர் மெடிக்கெய்டுக்கு 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற, அவருக்கு உண்மையிலேயே வேண்டிய செய்தி இருந்தது. அதுவும் 1996-இல் வந்த இன்னொரு சட்டத்தின் விதிதான். 'வாக்காளரே' என்பதைத் தாண்டி அவர் கீழே போகவேயில்லை.

இன்னொரு கேடும் உண்டு. உறுப்பினர்கள் தபால்தலை ஒட்டாமல், தம் கையொப்பத்தையே தலையாகக் கொண்டு தொகுதிக்குக் கடிதம் அனுப்பும் சலுகை இங்கே மிகப் பழையது. அப்படி அரசுச் செலவில் போகும் கடிதத்தில் வாக்குக் கேட்கக் கூடாது என்பது சட்டம். தேர்தல் துண்டறிக்கை வேறு, அலுவல் மடல் வேறு என்று இங்கே கோடு கிழித்திருக்கிறார்கள். 'வாக்காளப் பெருமக்களே' என்று தொடங்கினால், ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் நுழைந்தது போல் ஆகிவிடுகிறது. படிப்பவர் இதுவும் ஓட்டுக்குத்தான் என்று மூடிவைத்துவிடுகிறார்.

'குடிமக்கள்' என்று எழுதுவோரும் உண்டு. குடிவரவு பற்றிய மடலில் அதைவிடப் பொருந்தாத சொல் கிடையாது. குடியுரிமை இல்லாதவர்களுக்குத்தான் அந்தப் பத்தியே எழுதப்பட்டிருக்கும். சென்னையில் பிறந்து, பதினாறு வயதில் அமெரிக்கா வந்து, 2000-இல்தான் குடியுரிமை பெற்ற பிரமிளா ஜெயபால் 2017 முதல் சியாட்டில் பகுதியின் உறுப்பினராக இருக்கிறார். குடியுரிமைக்கு முந்தைய ஆண்டுகளில் அவரும் யாரோ ஓர் உறுப்பினரின் தொகுதிக்குள் வாழ்ந்தவர்தான். அன்று அவர் அங்கே வாக்காளருமல்லர், குடிமகளுமல்லர். இயந்திர மொழிபெயர்ப்பு தரும் 'கூறுகள்', 'அங்கத்தினர்கள்' ஆகியவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். வேதியியல் பாடத்திலிருந்து ஒரு சொல்லும் சங்கக் கூட்டத்திலிருந்து ஒரு சொல்லும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறது.

தூய தமிழ் அன்பர் ஒருவர் 'தேர்வாளர்' என்று முன்மொழிந்தார். வாக்கு என்பது வடசொல், அது வேண்டாம் என்பது அவர் கட்சி. வடசொல் என்பது சரியே. ஆனால் தேர்வாளர் என்றதும் நம் மனத்தில் வருபவர் கிரிக்கெட் அணிக்கு ஆள் பொறுக்குபவர். அதோடு இந்தச் சொல்லும் தேர்ந்தெடுக்கும் செயலையே பிடித்துக்கொண்டிருப்பதால், ஏழு வயதுச் சிறுவனை மறுபடியும் வாக்குச் சாவடிக்கே கூட்டிப்போகிறது. தூய்மை வந்தது, தெளிவு வரவில்லை. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் தெளிவைக் கேட்பேன். குடிவரவு என்று இலங்கையிலும், குடிநுழைவு என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும், குடியேற்றம் என்று தமிழ்நாட்டிலும் ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் நல்ல தமிழில் புழங்கும்போது, அவற்றில் ஒன்றையும் எடுக்காமல் 'இமிகிரேஷன்' என்றே எழுதிவிட்டு, புழக்கத்தில் உள்ள வாக்கு என்ற சொல்லின் குலத்தை விசாரிக்கும் போக்கு எனக்கு விளங்கவில்லை.

நம்மிடம் 'தொகுதி மக்கள்' என்ற சொல் இருக்கிறது. தேநீர்க் கடையிலும் செய்தித்தாளிலும் எல்லாரும் சொல்வதுதான். தொகு என்ற வினை பலவற்றை ஒன்றுசேர்த்தலைக் குறிப்பதால், லத்தீன் வினையில் உள்ள 'ஒருங்கே' என்ற பாதியும் தற்செயலாக இதில் வந்து அமர்ந்திருக்கிறது. முக்கியமாக, வாக்கையும் குடியுரிமையையும் இது யாரிடமும் கேட்பதில்லை. ஊரில் இருந்தால் போதும்.

ஒருமையில்தான் சிக்கல். 'தொகுதி மக்களில் ஒருவர்' நீள்கிறது. 'தொகுதியினர்' எழுத்துக்குச் சரி, ஓர் ஆளுக்கு ஒட்டாது. 'தொகுதிவாசி' கையடக்கமானது, வாசி வடசொல் என்று அந்த அன்பர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஆனால் பல இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது என்பதை மொழிபெயர்ப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருந்தால் தமிழிலும் ஒரு பெயர் நின்றாக வேண்டும் என்ற பிடிவாதம்தான் அந்தச் சிறுவனை வாக்காளர் ஆக்கியது. 'நம் தொகுதியைச் சேர்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் ஆஸ்துமா மருந்துக்குக் காப்பீடு கிடைக்காமல் தவிக்கிறான்' என்று எழுதி அந்தக் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன்.