சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால்

பிரமிட் கட்டிய தொழிலாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பெரும்பாலும் அடுப்புச் சாம்பலிலிருந்துதான்.

எகிப்தின் கிசாவில் ஸ்பிங்ஸ் சிலைக்குத் தெற்கே சுமார் 400 மீட்டரில் ஹீட் எல்-குராப் இருக்கிறது. அரபியில் காக்கைச் சுவர் என்று பொருள். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன் பிரமிட் வேலைக்கு வந்தவர்கள் தங்கிய ஊர் இது. அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் லேனர் 1988-இல் இங்கே தோண்டத் தொடங்கினார். 1991-இல் ரொட்டி சுட்ட கூடங்கள் கிடைத்தன. களிமண் முத்திரைகளில் பிரமிட் கட்டிய மன்னர்கள் காஃப்ரே, மென்கவுரே பெயர்கள் இருந்ததால் காலமும் உறுதியானது.

சரி, சாம்பலுக்கு வருவோம். ஈர மண்ணில் புதைந்த தானியத்தைப் பூஞ்சையும் பாக்டீரியாவும் தின்றுவிடும். ஆனால் அடுப்பில் சிந்தி, சாம்பல் மூடி, காற்றுப் போதாமல் கருகிய தானியம் கரியாகிவிடுகிறது. கரியை எந்தக் கிருமியும் சீண்டாது. ரொட்டியானவை போய்விட்டன, சிந்தியவை இருக்கின்றன.

விதைநெல்லைத் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்குமே, அதே வித்தைதான் இங்கும். சாம்பல் கலந்த மண்ணைத் தொட்டித் தண்ணீரில் மெல்லக் கலக்குகிறார்கள். மண் அடியில் தங்கும். உள்ளே காற்றறைகள் கொண்ட கரித்துணுக்குகள் கறுப்பு ஆடையாக மேலே வரும். அதை நுண்ணிய வலையில் வடித்து, நிழலில் உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழே ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும்.

அப்போது எம்மர் என்ற பழங்காலக் கோதுமையின் உமித்துண்டுகள் தென்படும், கவட்டை போல இரண்டு கால் விரித்து. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எம்மர், போரடித்தால் உமி கழலாது. உரலில் போட்டுக் குத்த வேண்டும். ஆகவே ஊருக்குள் அடுப்பருகே இந்தக் கவட்டைகள் குவிந்திருந்தால், தானியம் உமியோடு வந்து அங்கேயே குத்தப்பட்டது என்று ஊகிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் கரி, உலக்கைச் சத்தத்தையே கேட்க வைக்கிறது!

பிரமிடை வேற்றுக்கிரகவாசிகள் கட்டினார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான். உமி குத்திய கைகளை அந்தப் பேச்சு இல்லாமல் ஆக்குகிறது. தோண்டுவதற்கு ஒதுக்கும் நிதியில், இப்படி மாதக்கணக்கில் பொறுக்கிப் பிரிப்பவர்களுக்கும் ஒரு பங்கு கட்டாயம் வேண்டும்.

அப்புறம், தொட்டியின் அடியில் தங்கியதையும் கொட்டிவிடுவதில்லை. அலசிச் சலித்தால் அதில் மீன் முள் இருக்கும்.