டயர் தேய்ந்தால் செக் செயினைப் பாருங்கள்

போன மாதம் ஒரு தென்னந்தோப்புக்காரர் மினி டிராக்டரைப் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். பின் டயர் ஒன்றின் உள்பக்கச் சுவரில், சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து நூல் தெரிந்தது. “டயரே சரியில்லைங்க தம்பி, வாங்கி ஒரு வருசம் ஆகலை” என்றார். நான் குனிந்து செக் செயினைப் பார்த்தேன். ஒரு பக்கம் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மரைத் திருகான டர்ன்பக்கிளையே காணோம். அந்த இடத்தில் கட்டுக்கம்பியை நாலு சுற்றுச் சுற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். செயினைக் கோக்கும் பின்னுக்குப் பதில் ஒரு போல்ட்.

டிராக்டரின் பின்னால் கருவியை மாட்டும் கீழ்க் கைகளான லோயர் லிங்க் இரண்டும் பக்கவாட்டில் ஆடும். அந்த ஆட்டத்துக்கு அளவு வைப்பதுதான் செக் செயின், அல்லது ஸ்டெபிலைசர். பெரிய டிராக்டரில் கொஞ்சம் தளர்ந்தாலும் சமாளிக்கலாம். மினி டிராக்டரில் லிங்க்குக்கும் டயருக்கும் நடுவே சில மாடல்களில் மூன்று விரல்கூட நுழையாது. மண்ணைச் சுழன்று கிளறும் ரோட்டாவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறித் திரும்பும்போது மொத்த எடையும் ஒரு பக்கம் சாய, லிங்க் போய் டயரில் உரசுகிறது.

அவருக்குச் செயினை எடுத்துவிட்டு டெலஸ்கோப் ஸ்டெபிலைசர் போட்டுக் கொடுத்தேன். குழாய்க்குள் குழாய், வரிசையாக ஓட்டைகள், நடுவே ஒரு பின், அவ்வளவுதான். செயின் இழுப்பை மட்டும்தான் தாங்கும். இது தள்ளுவதையும் தாங்கும். துருப்பிடித்த மரையோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பதே என்னைக் கேட்டால் பெரிய லாபம்.

ஆனால் இதை மாட்டுவதில் நானே ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். கருவியைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் ஆடாமல் பின் போட்டு அனுப்பிவிட்டேன். மறுநாளே பிராக்கெட் காது, அதாவது பின் நுழையும் ஓட்டையுள்ள தகடு, விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. காரணம் எளிது. ஸ்டெபிலைசரின் முன்முனை லோயர் லிங்க் சுழலும் பின்னுக்கு நேராக இருந்தால் தூக்கினாலும் இறக்கினாலும் நீளம் மாறாது. முன்முனை அதற்குக் கீழே இருந்தால், தூக்கத் தூக்க இறுகும். மேலே இருந்தால் இறக்கும்போது இறுகும். அந்த வண்டியில் கீழே இருந்தது. லிஃப்ட் தூக்கிய வேகத்தில் காது போய்விட்டது. இப்போதெல்லாம் லிஃப்ட்டை மெதுவாக முழுக்க மேலே, முழுக்கக் கீழே கொண்டுபோய், இறுக்கம் அதிகமாக வரும் இடத்தில்தான் அளவு வைக்கிறேன். கருவியைச் சுழற்றும் பிடிஓ தண்டை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் பின்னால் கை வைப்பேன். தூக்கி நிற்கும் ரோட்டாவேட்டருக்கு அடியில் கட்டை கொடுக்காமல் குனிய மாட்டேன்.

ஸ்டெபிலைசர் போட்டாயிற்று என்று எல்லாக் கருவிக்கும் இறுக்கியே ஓட்டுகிறவர்களும் உண்டு. லோயர் லிங்க் இரண்டும் முன்னால் குறுகி, பின்னால் விரிந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். 1930-களில் ஹாரி பெர்குசன் சந்தைக்குக் கொண்டுவந்த மூன்று முனை இணைப்பின் (கீழே இரண்டு லோயர் லிங்க், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க்) சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது. கலப்பை கொஞ்சம் விலகினாலும், இழுவையே அதை நேர்கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அதற்கு ஆட இடம் வேண்டும். கலப்பைக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு அங்குலம்வரை ஆட்டம் விடுகிறேன். முழுக்க இறுக்கினால் ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும், லிங்க்கும் வளையும். ரோட்டாவேட்டருக்கு மட்டும் அரை அங்குலத்துக்குள்.

வாங்கும்போது பழைய செயினைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சிறிய டிராக்டர்களுக்கான கேட்டகரி 1 அளவு லிங்கேஜில் கீழ்ப் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. என்பது பொது அளவு. ஸ்டெபிலைசர் காதுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது, வண்டிக்கு வண்டி மாறும். ‘கிட்டத்தட்ட சேரும்’ என்று கடைக்காரர் சொன்னால் வாங்காதீர்கள். அப்புறம், ஹார்டுவேர் கடை போல்ட் வேண்டவே வேண்டாம். அதன் மரை காதின் ஓட்டையில் உட்கார்ந்து அரத்தைப்போல அராவும். தோப்புக்காரரின் வண்டியில் வட்ட ஓட்டை முட்டை வடிவமாகியிருந்தது; லேத்தில் புஷ் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது.

டயருக்கு உள்ளே ஒட்டுப் போட்டு, இந்தச் சீசனை ஓட்டிவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு மறுபடி இறங்கி வந்தார். “அந்தப் பழைய செயினைக் குடுங்க தம்பி, மாடு கட்ட ஆகும்.”