முதல் துப்பாக்கியா? விலையைக் கேட்கும் முன் தோளில் வைத்துப் பாருங்கள்

போன மாசியில் ராயக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி கடைக்கு வந்தார். கையில் புது உரிமம், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக. தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு, பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கியிருக்கிறார், அப்படியே ரேஞ்சில் முறையாகச் சுடவும் பழக வேண்டும் என்று ஆசை. வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, எது நல்ல கம்பெனி? அத மட்டும் சொல்லுங்க." உரிமத்துக்காக மாதக்கணக்கில் தாலுகா ஆபீஸ், ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று நடந்தவர், துப்பாக்கியைப் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

கிருஷ்ணகிரியில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் நான். முதல்முறை வாங்க வருகிற முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள், அதனால் இதை எழுதுகிறேன். கம்பெனி எல்லாம் அப்புறம். முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கண், தோள், கை.

அந்தத் தம்பியை வாசலில் நிற்கச் சொன்னேன். இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை வைத்து, இரண்டு கண்ணும் திறந்தபடி மலை மேல் தெரியும் ஒரு பாறையை அந்த ஓட்டைக்குள் கொண்டுவரச் சொன்னேன். பிறகு இடது கண்ணை மூடச் சொன்னேன், பாறை காணாமல் போய்விட்டது. வலது கைக்காரர், ஆனால் அவருக்குக் குறி பார்ப்பது இடது கண். இது தெரியாமல் வலது தோளில் வைத்து இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு சுட்டால், ஆயிரம் தோட்டா செலவழித்தாலும் பறக்கவிடும் மண்தட்டு ஏன் உடையவில்லை என்றே புரியாது. ஒன்று, இடது தோளில் பழக வேண்டும். இல்லையென்றால் சுடும்போது இடது கண்ணைச் சுருக்கவோ மறைக்கவோ பழக வேண்டும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் இரண்டுமே சுலபம்.

அடுத்தது கட்டையின், அதாவது தோளில் வைக்கும் பின்பக்க மரத்தின் நீளம். தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதிக்கும்போது, மூக்குக்கும் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரலுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடம் இருக்க வேண்டும். அதற்கும் குறைந்தால், சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது விரல் மூக்கில் இடிக்கும், அதிகமானால் கட்டை அக்குளில் மாட்டும். கடைகளில் கிடைப்பவற்றில் விசையிலிருந்து கட்டையின் முனைவரை பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும், நம் பக்கத்து உயரத்துக்குப் பலருக்கு அரை அங்குலம் குறைத்தால்தான் சரியாக வரும். பிறகு, சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள், கண்ணை மூடுங்கள், துப்பாக்கியைக் கன்னத்துக்கு ஏற்றுங்கள், கண்ணைத் திறங்கள். குழல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் சின்ன உருண்டை மணி அந்தப் புள்ளிக்கு நேராக வந்து, குழலின் மேல்பட்டை கொஞ்சமாகத் தெரிந்தால் சரி. பட்டை முழுக்க நீளமாகத் தெரிந்தால் கட்டை உங்களுக்கு உயரம், மணியே தெரியாமல் குழலின் பின்பக்கம் மறைத்தால் தாழ்வு. நாலைந்து முறை செய்து பார்த்துவிட்டு வாங்குங்கள். செய்து பார்க்கும்முன் குழல் காலியா என்று நீங்களே திறந்து பாருங்கள், நான் காட்டினாலும் நீங்கள் ஒருமுறை பாருங்கள்.

குழலின் உள்ளகலத்தைச் சொல்லும் போர் கணக்கு பலருக்குக் குழப்பம். ஒரு பவுண்டு ஈயத்தை ஒரே அளவில் 12 உருண்டையாக்கினால் ஒரு உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அது 12 போர், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் அதைவிட ஒல்லி. தோட்டா கிடைப்பதை வைத்துப் பார்த்தால் முதல் துப்பாக்கிக்கு 12 போர்தான் நடைமுறை. உதை பயமா? எடை குறைந்த துப்பாக்கி வாங்காதீர்கள், லேசானதுதான் அதிகம் உதைக்கும். மூன்று கிலோவுக்கு மேல் இருக்கட்டும், தோட்டாவில் ரவையின், அதாவது உள்ளே நிரப்பிய சின்னக் குண்டுகளின் எடையைக் குறையுங்கள். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில், பறக்கும் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் சுட்டாரே, அங்கேயே தோட்டாவில் 24 கிராம் ரவைக்கு மேல் அனுமதி கிடையாது. பழகுகிறவருக்கு 32 கிராம் எதற்கு? நாலு முறை வலிக்க உதை வாங்கிவிட்டால் விசையை அழுத்தும் முன்னாலேயே கண் மூடிக்கொள்ளும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. காதடைப்பு முதல் தோட்டாவிலிருந்தே வேண்டும்.

ஒற்றைக்குழலா, இரட்டைக்குழலா, முன்கட்டையை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப்பா? என் அபிப்பிராயம், முதல் துப்பாக்கி நடுவில் மடித்துத் திறப்பதாக இருக்கட்டும். திறந்து கையில் தொங்கவிட்டால் தோட்டா இல்லை என்பது பத்தடி தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும். பம்ப்பில் ஒரு தோட்டா உள்ளே தங்கியிருப்பது கைபழகாதவருக்குத் தெரியாது. குதிரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி வெளியே தெரியும் பழைய ஒற்றைக்குழல் மலிவாகக் கிடைக்கும்தான், ஆனால் தோட்டா போட்டபடி கட்டைவிரலால் குதிரையை மெல்ல இறக்கும் அந்த ஒரு நொடியில் விரல் வழுக்கினால் வெடித்துவிடும். வியர்த்த கையோடு அதைச் செய்யாதீர்கள்.

இப்போது எனக்கு அதிகம் கவலை தருகிற விஷயம். "தாத்தாவோட துப்பாக்கி இருக்குங்க, அதையே வச்சுக்கலாமே" என்பார்கள். சில வருடம் முன்பு பாலக்கோடு பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படி ஓர் இரட்டைக்குழலைக் கொண்டுவந்தார். மேலே பார்க்க அருமையாக இருந்தது. குழலைக் கழற்றி டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தேன். நல்ல குழலில் வெளிச்சம் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டமாகப் போகும். இதில் இடது குழலில் முனைக்கு ஒரு சாண் முன்னால் கறுப்பாக ஒரு வளையம், வெளியே விரலால் தடவினால் லேசான மேடு. எப்போதோ அடைப்பு இருக்கும்போது சுட்டிருக்கிறார்கள். என்ன அடைப்பு என்று அவருக்கே நினைவு வந்தது: பரணில் மாட்டியிருந்த துப்பாக்கிக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்ததாம், அவர் அப்பா பார்க்காமல் சுட்டுவிட்டாராம். உப்பியதோடு போயிற்று, பிளந்திருந்தால் இடது கை விரல்கள் போயிருக்கும். நம் ஊர் வீடுகளில் குளவி கூடு கட்டாத ஓட்டை கிடையாது. எடுக்கும்போதெல்லாம் குழலுக்குள் பார்த்தே ஆக வேண்டும்.

அதே துப்பாக்கியில் இன்னொன்றும் இருந்தது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65 மில்லிமீட்டர்தான், இப்போது வருகிற தோட்டா 70. போட்டால் உள்ளே போகாது என்று நினைப்பீர்கள், அழகாகப் போய்விடும், அதுதான் ஆபத்து. தோட்டாவின் அளவு வெடித்து வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அறைக்கு முன்னால் குழல் குறுகும் இடத்தில் போய் அழுத்தும், உள்ளே அழுத்தம் எகிறிவிடும். அறையை அளந்து பார்க்காமல் பழைய துப்பாக்கியில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

சட்டப்படியும் தாத்தா துப்பாக்கி தானாக உங்களுடையதாகிவிடாது. உரிமம் ஆளுக்குத்தான். அவர் காலமாகிவிட்டால் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்று உங்கள் பெயரில் மனுப் போட வேண்டும். அவர் இருக்கும்போதே, 70 வயதானதும் வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் வழி இருக்கிறது. உங்களுக்கு 21 வயது முடிந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமக் காலம் 5 ஆண்டு.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து ஆட்களுக்குத் தனியாக ஒன்று. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் வந்துவிட்டன. சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது உரிமம் என்றால் முதன்மை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும், 1972 வன உயிரினச் சட்டத்தில் இருக்கிறது. மனு நகரவில்லையே என்று தாலுகாவில் சண்டை போடுவதற்கு முன் உங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

பயிர்ப் பாதுகாப்பு என்று உரிமத்தில் எழுதியிருப்பதால் பன்றியைச் சுடலாம் என்று அர்த்தமில்லை. ராகி அறுக்கும் நேரத்தில் யானையும் பன்றியும் ஒரே ராத்திரியில் விளைச்சலை அழித்துவிட்டுப் போகும் வேதனை எனக்குத் தெரியும், என் மாமனார் வீடும் அப்படித்தான். இருந்தாலும் வழி வனத்துறையிடம் புகாரும் இழப்பீட்டு மனுவும்தான். உரிமம் வர நாளாகுது, நாட்டுத் துப்பாக்கி ஒன்று கிடைக்குது என்று யாராவது சொன்னால் கையாலும் தொடாதீர்கள். உரிமமில்லாமல் வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, 5 ஆண்டு வரை சிறை. தண்ணீர்க் குழாயை வைத்துச் செய்த துப்பாக்கி பின்பக்கம் வெடித்து, ஒரு பக்கக் கண் போன ஆளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கொடுத்துவிடுங்கள்.

ராயக்கோட்டைத் தம்பி அன்றைக்கு எதுவும் வாங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் அப்பாவோடு வந்து, 28 அங்குலக் குழல் உள்ள 12 போர் இரட்டைக்குழல் ஒன்றை எடுத்தார், கட்டையில் அரை அங்குலம் அறுத்துக் கொடுத்தேன். இடது தோளில் பழகுவதாக முடிவு செய்திருந்தார். கிளம்பும்போது அவர் அப்பா, வீட்டில் இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், எங்கே வைப்பது என்று கேட்டார். துப்பாக்கியைக் கழற்றி இரும்பு பீரோவில் வையுங்கள், தோட்டாவை வேறு அறையில் பூட்டிய பெட்டியில் வையுங்கள், இரண்டு சாவியும் ஒரே கொத்தில் வேண்டாம் என்றேன். பெரியவர் அங்கேயே அரைஞாண் கயிற்றிலிருந்து பீரோ சாவியைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு, தோட்டாப் பெட்டிச் சாவியை மகனே வைத்துக்கொள்ளட்டும் என்றார்.